ஒரே பேரில் இரண்டு கை

மெத்தைக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில்தான் குடித்தனமும் நடந்தது, தொழிலும் நடந்தது. தொழில் என்றால் கார்ட்டூன் படம் செய்வது. படத்தில் வருகிற குதிரையை ஓடவிடுவதும் குழந்தையை அழவிடுவதும் மாஸ்டர். குதிரைக்குப் பின்னால் நிற்கிற மரத்துக்கும் மேகத்துக்கும் வண்ணம் போடுவது அவர் மனைவி. இருவர் வேலையையும் ஒன்றாகக் கோத்து, வேலை கொடுத்த படக் கம்பெனிக்கு அனுப்பிவைப்பது அவளுடைய தம்பி. எங்கே போனாலும் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு ஒயர் எட்டிப் பார்க்கும். அதனால் மாஸ்டர் அவனுக்கு ஒயர் என்றே பேர் வைத்துவிட்டார். பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு நின்றுபோனது.

கீழே பஞ்சு அடிக்கிற மிஷின் ஓடினால் மேலே டம்ளரில் தண்ணீர் நடுங்கும். மழைக்காலம் வந்தால் பஞ்சு வாடையும் ஈரத்துணி வாடையும் சேர்ந்து அறையை விட்டு நகராது. துணி காய வேறு இடமில்லாமல் கணினிகளுக்குப் பின்னால் கொடி கட்டியிருந்தார்கள். இரவு பகலாகச் சூடேறிக் கிடக்கிற பெட்டிகள் அவை. அந்தக் கொடியில் போட்ட சட்டை ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். என்றைக்காவது ஒரு சொட்டு உள்ளே விழப்போகிறது, அன்றைக்குத் தெரியும் என்று ஒயர் புலம்புவான். புலம்பிவிட்டுத் தன் பனியனையும் அங்கேயே போடுவான்.

அந்த மழைக்காலத்தில்தான் படகுக் காட்சி தொலைந்தது. தொலைத்தவன் ஒயர். ஆனால் அவனை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. அந்த வீட்டில் கோப்புக்குப் பேர் வைக்கிற லட்சணம் அப்படி. படகு கடைசி, படகு கடைசிக்கும் கடைசி, படகு இதுதான், படகு இதுதான் சத்தியமா. ஒரு சாயங்காலம் அவசரத்தில் பழைய சத்தியத்தைத் தூக்கிப் புதிய சத்தியத்தின் மேல் போட்டுவிட்டான். படகு நிறைய ஆடும் மாடும் கழுதையும் ஏறி ஆற்றைக் கடக்கிற காட்சி அது. ஒரு வாரத்து உழைப்பு போன இடம் தெரியவில்லை. மாஸ்டர் சத்தம் போட்டார். ஒயர் தலையைத் தொங்கப்போட்டான். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வண்ணம் போடுகிறவளுக்கு இதில் அவ்வளவு அழுகை எதற்கு என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா இனிமே ஒவ்வொரு மாத்தமும் யார் பண்ணது, எப்பப் பண்ணது, அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, எல்லாம் பதிவாகணும். அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு. எது உங்களுக்குத் தோதோ அதைப் போட்டுட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் அடுத்த காட்சி தருவோம்" என்றாள்.

யார் பண்ணது என்ற சொல்லைக் கேட்டதுமே மாஸ்டரின் மனைவி வரைந்துகொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒயர் பேச்சை எடுத்தான். சோறும் பருப்பும் அவித்த முட்டையும். மாஸ்டர் தட்டில் வலது பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்திருந்தார். இடது பாதியில் முட்டை அப்படியே இருந்தது. அவள் பருப்பு ஊற்றுகிற சாக்கில் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

"அட, இன்னொரு முட்டையா?" என்றார் மாஸ்டர்.

"சாப்பிடுங்க."

"என்ன மச்சான், உங்கக்கா என்னைக் கொழுக்க வைக்கிறா. சரி, நீ சொல்லு. என்னமோ சாஃப்ட்வேர்ன்னியே."

ஒயர் கையை நக்கிக்கொண்டே ஆரம்பித்தான். "எழுத்துன்னா பிரச்சினையே இல்ல மாமா. நீங்க மேல ஒரு வரி மாத்துறீங்க, அக்கா கீழ ஒரு வரி மாத்துது, ரெண்டையும் மெஷினே சேத்துரும். படம் அப்படி இல்ல. நம்ம ஒவ்வொரு காட்சியும் மூட்டை மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு மெஷினுக்குத் தெரியாது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வச்சா ஒருத்தர் வேலைதான் நிக்கும், இன்னொருத்தரது குப்பைக்குத்தான்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு."

"இதுல யார் வேலை குப்பைன்னு சொல்ல வர்றீங்க?" என்றாள் அவள்.

"பாத்தியா மச்சான், வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். நீ மேல சொல்லு."

"மூணு வழி இருக்கு மாமா. முதல்ல கிட்னு ஒரு சாஃப்ட்வேர். ஊர் உலகமே அதைத்தான் வச்சிருக்கு. ஆனா நம்ம மூட்டையை அப்படியே போட்டா அதுக்கு மூச்சு முட்டிரும். அதனால கூட ஒரு ஒட்டுச் சேத்துக்கணும். பெரிய கோப்பை குடோன்ல போட்டுட்டு, அது இருந்த இடத்துல ஒரு சின்னச் சீட்டை வைக்கும். வேணுங்கறப்ப சீட்டைக் காட்டி எடுத்துக்கலாம்."

"சீட்டுக்காரன். ரெண்டாவது?"

"ரெண்டாவதுல எல்லாமே ஒரு சர்வர்ல இருக்கும். நீங்க வேலைக்கு எடுத்தா உங்க பேர்ல பூட்டு விழும். நீங்க விடுற வரைக்கும் வேற யாரும் மாத்த முடியாது. திருப்பி வைக்கிற ஒவ்வொரு தடவையும் பழசு அழியாது. வரிசையா நிக்கும், சின்னப் படத்தோட, வச்சவங்க பேரோட."

"பூட்டுக்காரன். மூணாவது?"

"மூணாவது சும்மா ஒரு ஃபோல்டர். எல்லார் மெஷின்லயும் ஒண்ணுபோலத் தெரியும். கடைசியா வச்சது மட்டும்தான் இருக்கும். பழசை மறந்துரும்."

"மறதிக்காரன். அவனை வாசலோட அனுப்பிடு. சீட்டுக்காரன் கிட்ட சீட்டு தொலைஞ்சா நான் எங்க போய் நிப்பேன்? பூட்டுக்காரனையே பேசி முடி."

அவள் பருப்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "எதுக்குங்க அவ்வளவு பெருசு? மூணு பேருக்கு அந்த ஃபோல்டரே போதும்."

"என்னக்கா இது? பழசு இல்லாமதானே படகு போச்சு?"

"டிஸ்க் நிறைஞ்சுரும்டா. நீதான் இடம் பத்தலை, இடம் பத்தலைன்னு கத்திட்டே இருக்க."

"அது நான் பாத்துக்கறேன்."

"மெஷின் மெதுவாயிரும்."

"ஆகாது."

"கரண்டு போனா?"

"கரண்டு போனா எல்லாந்தான் போகும், அதுக்கென்ன?" ஒயர் அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கோப்பு தொலைந்ததற்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள், பழசைத் தொலைக்கிற மறதிக்காரனுக்கே வக்காலத்து வாங்குகிறாள்.

மாஸ்டர் முட்டையை முடித்துவிட்டு ஏப்பம் விட்டார். "அவளுக்குப் புதுசுன்னாலே பயம். விடு. எனக்கு என் பழைய வேலையெல்லாம் வரிசையா நிக்கிறதைப் பாக்கணும்."

அவள் எதற்குப் பயந்தாள் என்பதைச் சொல்லிவிடலாம். போன வருஷம் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது இடது கை ஓய்ந்துபோய் மடியில் கிடந்தது. வலது கை, வரைகிற கை, கல்லுப்போல இருந்தது. உயிர் பிழைத்ததும் தொழில் பிழைத்ததும் பெரிது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம்தான் டாக்டர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். மாஸ்டர் வட்டத்தை அழகாகப் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, சரியாத்தானே இருக்கு என்று நிமிர்ந்து பார்த்தார். ஒருகாலத்தில் ஓடுகிற குதிரையின் பிடரியில் முடி முடியாகக் காற்றை வரைந்தவர்.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மூளை விட்டுவிட்டது. அந்தப் பக்கம் நிற்கிற ஆள் அவருக்கு இல்லை, அந்தப் பக்கம் இருக்கிற சோறு இல்லை. இல்லை என்பதும் அவருக்குத் தெரியாது. விடாமல் சொல்லிச் சொல்லித் திரும்ப வைத்தால் நாளாவட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பக்கத்தில் இருப்பவர்கள் சலிக்காமல் சொல்ல வேண்டும் என்றார். மாஸ்டரிடமும் சொன்னார்கள். அவர் சிரித்தார். தெரியாத ஒன்றை இருக்கிறது என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

அவள் ஒரு வாரம் சொன்னாள். இடது பக்கம் பாருங்க, இன்னும் கொஞ்சம் திரும்புங்க, இன்னும். முதலில் கேலி செய்தார், பிறகு எரிந்து விழுந்தார். ஏழாவதோ எட்டாவதோ நாள், பாதி முகம் சவரம் செய்யாமல் வந்து நின்றவரைக் கண்ணாடி முன்னால் பிடித்துத் திருப்பினாள். அவர் என்ன ஏது என்று புரியாமல், "என்னை ஏன் இப்படிப் படுத்துற?" என்று குழந்தைபோல அழுதார். அதோடு அவள் சொல்வதை விட்டாள். அவளே சவரம் செய்துவிட்டாள். தட்டைச் சுற்றிவைத்தாள். அவர் காலையில் பாதிக் குதிரையை ஓடவிட்டார். மத்தியான மாத்திரை போட்டுக்கொண்டு அவர் தூங்குகிற நேரத்தில் மீதிக் குதிரையை அவள் ஓடவிட்டாள்.

சுலபமான காரியமில்லை. வண்ணம் போடுகிற கை அவளுடையது. அசைவு வேறு வித்தை. குதிரை தரையில் கால் வைக்கும்போது உடம்பு எங்கே இறங்கும், சிரிக்கிற முகத்தில் கன்னம் எப்போது ஏறும் என்பதையெல்லாம் அவருடைய வலது பாதியைப் பார்த்துப் பார்த்து இடது பாதிக்குக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் அவள் செய்த பக்கம் நொண்டியது. போகப் போக அவளுக்கே எது அவர் கோடு, எது தன் கோடு என்று பிரிக்க முடியாமல் ஆனது. படகுக் காட்சி போனபோது அவளுடைய ஏழு கழுதையும் சேர்ந்துதான் போனது. வெளியே சொல்லி அழக்கூட முடியாத கழுதைகள்.

ஒயர் பூட்டுக்காரனைக் கொண்டுவந்து போட்டான். சோதித்துப் பார்க்கலாமே என்று இடம் தீர்ந்து படகுக்கு முன்னாலேயே நிறுத்தும்வரை தன் பழைய டிஸ்கில் காலையும் மாலையும் எடுத்துவைத்திருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினான். அன்று சாயங்காலம் சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"டீயா?"

"இல்ல. மாமா வரையுற குதிரைக்குக் காலையில ரெண்டு கால்தான் நடக்குது. சாயங்காலமானா நாலும் நடக்குது."

அவள் கத்தி நின்றது. மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"ஒரு பொண்ணு கண்ணடிக்கிற மாதிரி ஒரு கண்ணு மட்டும் மூடுது. சாயங்காலம் ரெண்டும் மூடுது. எல்லாக் காட்சியும் அப்படித்தான் இருக்கு. வருஷம் பூரா."

"மெதுவாப் பேசு."

"நீயா?"

அவள் தலையாட்டினாள். வெங்காயத்தின் புண்ணியத்தில் கண்ணீரை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

"மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உயிரோட இருக்க மாட்டார்டா. கைதான் போச்சுன்னு நினைச்சுட்டு இருக்கார். வேலை இருக்குன்னு நிக்கிறார். காலையில எந்திரிச்சுச் சட்டை மாட்டி அந்த நாற்காலியில உக்காரும்போது அவர் முகத்தைப் பாத்திருக்கியா நீ? அதை நான் எடுக்க மாட்டேன்."

"டாக்டர் சொல்லச் சொன்னாரே."

"டாக்டர் வீட்டுக்குப் போயிட்டார். நான்ல கூட இருக்கேன்."

ஒயர் சுவரில் சாய்ந்தான். கீழே பஞ்சு மிஷின் நின்றது. திடீரென்று வீடு அமைதியானது. இருவரும் குரலை இன்னும் இறக்கினார்கள்.

"இதுல எல்லாம் பதிவாகும்க்கா. நீ மத்தியானம் கை வச்சா உன் பேர் விழும். மாமா தினமும் அதைத் திறந்து பாக்கத்தான் போறார்."

"அதுக்குத்தானே அந்த மறதிக்காரனைக் கேட்டேன்."

"கம்பெனி ஒத்துக்காது." அவன் சட்டைப்பை ஒயரை விரலில் சுற்றினான். பிறகு, எல்லாக் கேட்டையும் ஆரம்பித்துவைத்த அந்த வார்த்தையைச் சொன்னான். "ஒண்ணு பண்ணலாம். உன் மெஷின்ல மாமா பேரையே போட்டுர்றேன். நீ எதை வச்சாலும் அவர் பேர்லதான் விழும். பூட்டும் தடுக்காது, ஒரே பேர்ல. கம்பெனி பாத்தாலும் அவர் செஞ்சதுதான். ஏற்கெனவே ஏத்தின பழசையும் அழிச்சுர்றேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் ஈரக்கையோடு அவன் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு பேருக்கும் அன்றைக்கு இது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. நல்ல எண்ணத்தில் செய்கிற காரியத்துக்கு யோசனை கொஞ்சம் குறைச்சல்தான்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாஸ்டருக்குப் பூட்டுக்காரனை ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் காட்சியை எடுக்கும்போது, "பூட்டியாச்சு, ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது" என்று கத்துவார். மத்தியானம் படுக்கப்போகும்போது, "திறந்தாச்சு, ஊர் உலகம் வந்து பாத்துக்கலாம்" என்பார். ஒயர் தினமும் சேர்கிற வரிசையைத் திரையின் வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக நிறுத்தி வைத்திருந்தான். சாயங்காலம் எழுந்ததும் மாஸ்டர் டீயை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார். அவள் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு துணி மடிப்பாள். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கும் தைரியம் வந்துவிட்டது.

பிறகு அவர் பேச்சு குறைந்தது. பூட்டியாச்சு என்கிற கத்தல் நின்றது. சாப்பிடும்போது எதையோ எண்ணுவதுபோல விரலை மடக்குவார். "நேத்து மத்தியானம் நான் தூங்கினேனா?" என்று கேட்டார் ஒருநாள். தூங்கினீங்களே என்றாள். "நல்லாவா?" நல்லாத்தான் என்றாள். இன்னொருநாள் ஒயரைக் கூப்பிட்டு, அந்தச் சாஃப்ட்வேர் தப்பாகப் பேர் எழுதுமா என்று கேட்டார். எழுதாது மாமா, அது பொய் சொல்லாது என்று அவன் சட்டென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒருநாள் மத்தியானம் அவர் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பாத்திரம் கழுவிவிட்டு வேலை செய்யலாம் என்று உள்ளே வந்தபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை வலுத்திருந்தது.

"இந்தா, இங்க வா. உக்காரு."

அவள் அவருக்கு வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"உன்னை ஒண்ணு கேப்பேன். எனக்காகப் பாத்து மழுப்பக் கூடாது."

"கேளுங்க."

"நான் தூக்கத்துல எந்திரிச்சு நடக்கறேனா?"

"இல்லியே. ஏன் இப்படிக் கேக்கறீங்க?"

"நடக்கறேன். உனக்குத் தெரியல, அவ்வளவுதான். தூங்கறேன்னு நீ நினைக்கிற நேரத்துல எந்திரிச்சுப் போய் உக்காந்து வேலை செய்யறேன். தினமும். என் பேர்ல விழுந்திருக்கு. எனக்கு ஒரு துளி ஞாபகம் இல்ல."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"முதல்ல நானும் மெஷின் தப்புன்னுதான் நினைச்சேன். நேத்து சோதிச்சுப் பாத்தேன். படுக்கப் போறதுக்கு முன்னாடி பூட்டைத் திறக்கல. என் பேர்ல பூட்டு அப்படியே இருக்கு. எந்திரிச்சு வந்து பாக்கறேன், உள்ள புதுசா ஒண்ணு. பூட்டின என்னைத் தவிர யாரும்மா உள்ள போக முடியும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கேளு. போய் என்ன பண்ணியிருக்கேன்னு பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் பாத்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல. ஒரு கோடு கூட மாறல. சும்மா போய் உக்காந்து, ஒண்ணுமே செய்யாம, திருப்பி வச்சுட்டு வந்து படுத்திருக்கேன். வாரக்கணக்கா. பைத்தியம்ங்கறது வேற எப்படி இருக்கும்?"

ஒரு கோடு கூட மாறல. நேற்று மத்தியானம் முழுக்க அவள் ஒரு சந்தைக் கூட்டத்தையே நடக்கவிட்டிருந்தாள். கூடைக்காரி, பலூன்காரன், அப்பா தோளில் உட்கார்ந்த குழந்தை. அத்தனை பேரும் இடது பக்கம்.

"என்னை எங்கயாவது சேத்துரு," என்றார் அவர். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். தூக்கத்துல அடுப்பைப் பத்தவச்சா? உன் கழுத்துல கை வச்சா? என்னை நம்பி நீ ஒரே வீட்டுல படுக்க வேண்டாம். கம்பெனிக்கு நானே சொல்லிர்றேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க."

"பின்ன எப்படிப் பேசறது?"

"நான்தாங்க."

"என்ன?"

"நீங்க எந்திரிக்கல. நான்தான் உக்காந்து செஞ்சேன். என் மெஷின்ல உங்க பேரைப் போட்டு வச்சிருக்கோம். தம்பிதான் போட்டுக் கொடுத்தான். நான்தான் கேட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் ஒவ்வொன்றாக விட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நீயா! அடிப் பாவி! நீயா!" வலது கையால் அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். "எனக்குப் பைத்தியம் இல்ல. அப்பாடா. எனக்குப் பைத்தியம் இல்ல." எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வருஷமாகியிருந்தது. இந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

"சரி, ஏன்?" என்றார் மூச்சு வாங்க. "எதையும் மாத்தல. அவ்வளவு நேரம் உக்காந்து என்னதான் பண்ணே?"

இதற்குப் பொய் சொல்லலாம். ஒன்று இரண்டு அவள் வாய்வரை வந்தன. ஆனால் ஒரு பொய் அவரைப் பைத்தியக்காரனாக்கி ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்விட்டது. இன்னொன்று எங்கே கொண்டுபோகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்க," என்றாள்.

மேஜையின் இடது பக்கம் சுவர். வலது பக்கம் முக்காலிக்கு மட்டும் இடம், அதைத் தாண்டினால் வாசல். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நேற்றுக் காலையில் அவர் செய்து வைத்த சந்தையைத் திறந்தாள்.

"இது நீங்க செஞ்சது. எல்லாம் இருக்கா?"

"இருக்கே. கடைக்காரன், கிழவர், நாய். எல்லாரும் நடக்கறாங்க. கூட்டம் நல்லா வந்திருக்கு."

அவள் எட்டி விசைப்பலகையின் இடது ஓரத்துப் பொத்தானை அழுத்தினாள். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகப் புரண்டது. வரைகிறவர்கள் முகம் கோணலா என்று பார்க்க ஓயாமல் தட்டுகிற பொத்தான் அது. இடது கை ஓய்ந்ததிலிருந்து அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

வெறும் தெரு. கூடைக்காரியின் உடம்பு கம்பெனி கொடுத்த வெறும் கோடாகவே நின்றது. பலூன்காரனுக்குக் கால் இல்லை. தோளில் இருந்த குழந்தைக்கு முகம் போடவில்லை. யாரும் நடக்கவில்லை.

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "யார் செஞ்சது இது?"

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"திருப்பிப் போடு."

போட்டாள்.

"இப்ப எல்லாம் இருக்கு." குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "மறுபடி திருப்பு."

திருப்பினாள். மறுபடி என்றார். மறுபடி திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவர் கடைசி வரை பார்த்தார். பிறகு போன வாரத்துக் குதிரையைக் கேட்டார். கண் மூடுகிற பெண்ணைக் கேட்டார். ஒயர் பழசை அழித்துவிட்டாலும், புதிதாகச் சேர்ந்ததே போதுமானதாக இருந்தது.

"எத்தனை நாளா?"

"வீட்டுக்கு வந்ததிலேருந்து."

"எல்லாமா?"

"எல்லாந்தாங்க."

"டாக்டர் சொன்னது இதுதானா?"

"இதுதான்."

"நீ சொல்லவே இல்லியே."

"சொன்னேன். ஒரு வாரம் சொன்னேன். நீங்க அழுதீங்க. என்னால தாங்க முடியல. அதான் விட்டுட்டேன்."

மாஸ்டர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அழுதா என்னம்மா?" என்றார். "அழுதுட்டுத் திரும்பியிருப்பேனே."

அவளுக்கு அப்போதுதான் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. இன்றைக்கான காட்சியின் பூட்டைத் தன் கையாலேயே திறந்தார்.

"நீ இங்க உக்காரு. உன் பேரைப் போட்டு எடு."

"இப்ப எதுக்குங்க..."

"கம்பெனிக்கு நாளைக்குக் கொடுக்கணும்ல. எடு. உன் பேர்ல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் பேரை எடுத்துவிட்டுத் தன் பேரை அடித்தாள். பூட்டு அவள் பேரில் விழுந்தது. அவள் காலி செய்த முக்காலியில், அவள் பக்கத்தில், அவர் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

"நான் பாக்கறேன்," என்றார். "நீ எப்படிச் செய்யறேன்னு பாக்கறேன்."

அவள் பேனாவை எடுத்துத் திரையின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒரு சிறுவனின் கால், அப்புறம் முழங்கால். மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கொஞ்ச தூரம் போயிருப்பாள்.

"எங்க போயிட்டே?" என்றார் மாஸ்டர்.

அவள் தோள் அவர் இடது தோளில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இங்கதாங்க இருக்கேன்."

அவர் குரல் வந்த திசையைத் தேடி வலது பக்கம் திரும்பினார். திறந்து கிடந்த வாசலைப் பார்த்துத் தலையாட்டி, "சரி, செய்" என்றார்.